டிரெயிலரின் பக்க ஆட்டமும் அதனை அடக்கும் வழிகளும்

விழுப்புரம் மாவட்டம் 1993-ஆம் ஆண்டில் பழைய தென்னார்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் வானூர் வட்டத்தில் உள்ளது குயிலாப்பாளையம். அவ்வூர் செம்மண் மேட்டின்மேல் அமைந்திருக்கிறது. அங்கிருந்து கிழக்கே கடற்கரைச் சாலைக்குச் செல்லும் பாதை இறக்கமானது. சாலையை அடைந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். இவ்வட்டாரத்தில் சவுக்கு, முந்திரி, நிலக்கடலை, வைக்கோல், உப்பு, குடிநீர் ஆகிய பலவும் டிராக்டரின் பின் பூட்டிய டிரெயிலரிலேயே பெரும்பாலும் ஏற்றிச் செல்லப்படுகின்றன. மேட்டுப் பாதையில் மெதுவாக ஊர்ந்து செல்லும்வரை ஒழுங்காகத் தொடரும் டிரெயிலர், இறக்கத்திலோ தார்ச்சாலையிலோ வேகம் கூடியதும் வால் வீசுவதுபோல் இடமும் வலமுமாக ஆடத் தொடங்குவதுண்டு. அவ்வாட்டம் முற்றினால் டிரெயிலர் கவிழும். சில சமயம் டிராக்டரையும் உடன் சாய்த்துவிடும். எதிரே வருவது பேருந்தாயின் நேரும் சேதம் சொல்லத் தரமன்று.

இவ்வாட்டத்தைத் தடுக்கும் கருவிகள் பல வகையாகக் கடைகளில் விற்பனையாகின்றன. எனினும் கருவி வாங்குமுன் விவசாயி அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. பாரம் ஏற்றும் முறை, கொக்கி, பிரேக், வேகம் ஆகிய நான்கும் ஒழுங்காக இருக்கும் டிரெயிலருக்கே கருவி துணை செய்யும். இவற்றில் குறையுள்ள டிரெயிலரின் குற்றத்தை அது சிறிது நேரம் மறைக்குமேயன்றித் தீர்க்காது. ஆகையால் இந்நான்கையும் முதலில் விளக்கி, கருவிகளின் தெரிவு அதன்பின் கூறப்படுகிறது.

ஆட்டம் உண்டாகும் விதம்

டிரெயிலர், கொக்கியைச் சுற்றிப் பக்கவாட்டில் திரும்பக் கூடியது. காற்று வீச்சாலோ, பள்ளத்தாலோ, எதிரே விரையும் லாரியின் காற்றுத் தள்ளலாலோ அது ஒரு பக்கம் ஒதுங்கினால், அதன் டயர்கள் தரையைப் பற்றி அதனை நேர் கோட்டிற்கு இழுக்கின்றன. திரும்பும் வேகத்தில் அது நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் செல்கிறது. இது ஊஞ்சல் ஆடுவதை ஒத்தது. வண்டி மெதுவாகச் செல்லுங்கால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதினும் சிறிதாகி விரைவில் அடங்கிவிடும். வேகம் ஏற ஏற அடங்கும் இயல்பு குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு டிரெயிலருக்கும் ஒவ்வொரு பாரத்திற்கும் உரிய ஒரு வேக எல்லை உண்டு. அதனைத் தாண்டியபின் ஆட்டம் தானே பெருகும். பிறகு ஓட்டுநரின் திறமைக்கு அது எளிதில் கட்டுப்படாது.

மேலும், ஓடும் வண்டியின் உந்தும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டியது. மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்லும் டிரெயிலர் 40 கிலோமீட்டரில் சென்றால், அதன் ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்காகிறது.

அவ்வேக எல்லையைத் தாழ்த்துவன: பின்பாரம், கனமான சரக்கு இரு கோடியிலும் இருத்தல், குட்டையான ஏர்க்கால், காற்றுக் குறைந்த டயர், தேய்ந்த கொக்கி. அதனை உயர்த்துவன: அளவான முன்பாரம், அச்சின் அருகே ஒருசேர அமைந்த சரக்கு, நீண்ட ஏர்க்கால், இழுக்கும் வண்டியின் மிகுந்த எடை.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டி ஓட்டிய பெரியோர் இதனை நன்கறிவர். இரு சக்கர வண்டியில் பாரம் பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னே மிகுந்தால் கழுத்தின்மேல் நுகம் அழுந்திப் புண்ணாகும். ஆகையால் சிறிது முன்பாரம் நிற்குமாறு மூட்டைகளை அடுக்குவர். டிரெயிலருக்கும் விதி அதுவே. மாடாயின் நடையைத் தளர்த்திப் பாரத்தின் பிழையை உணர்த்தும். டிராக்டர் உணர்த்தாது என்பதே வேறுபாடு.

இரு சக்கர டிரெயிலரில், சரக்கும் டிரெயிலரும் சேர்ந்த மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் நிற்பது நலம். அமெரிக்காவில் கார்களின் பின் இழுக்கப்படும் வீட்டு டிரெயிலர்களுக்கு 10 முதல் 15 விழுக்காடு வரை கொள்கின்றனர். ஐரோப்பாவில் இதனினும் குறைந்த அளவே வழக்கம்.

கணக்கு எளிது. கொக்கி வளையத்திலிருந்து அச்சு வரை 3 மீட்டர் எனவும், மொத்த எடை 4,000 கிலோ எனவும் கொள்க. பாரத்தின் நடு, அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னே இருந்தால் கொக்கியின்மேல் 400 கிலோ நிற்கும். இது 10 விழுக்காடு. அதே பாரத்தின் நடு 15 சென்டிமீட்டர் பின்னே சென்றால், கொக்கி 200 கிலோ விசையுடன் மேல்நோக்கி இழுக்கப்படும். டிராக்டரின் பின்சக்கரங்கள் அந்த அளவுக்குத் தரைப் பிடிப்பை இழக்கும். ஒரு முழங்கூட இல்லாத இடமாற்றத்தால் நேரும் வேறுபாடு இவ்வளவு.

முன்பாரமும் அளவு மீறலாகாது. கொக்கி டிராக்டரின் பின்னச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னே இருந்து, முன் பின் அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர் தூரமிருந்தால், கொக்கியின்மேல் நிற்கும் 400 கிலோ முன்சக்கரங்களிலிருந்து 120 கிலோவைக் குறைத்துவிடும். ஏற்றத்தில் இழுக்கும்போது இன்னும் குறையும். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்கேனும் முன்சக்கரங்களின்மேல் நில்லாவிடில் ஸ்டீயரிங் தரையைப் பற்றாது.

கொக்கியின்மேல் நிற்கும் எடையை எடைப்பாலத்தில் அறியலாம். டிராக்டருடன் பூட்டியபடியே டிரெயிலரின் சக்கரங்களை மட்டும் மேடைமேல் நிறுத்தி ஓர் எடை எடுக்கவேண்டும். பிறகு டிரெயிலர் முழுவதையும் மேடைமேல் கொண்டுவந்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்கால் மேடைமேல் ஊன்றியிருக்க டிராக்டரைக் கழற்றி மற்றோர் எடை எடுக்கவேண்டும். இரண்டின் வித்தியாசமே கொக்கியின் பாரம். பின்பாரம் என்ற ஐயமுள்ள டிரெயிலரைக் கழற்றும்போது ஏர்க்கால் திடீரென மேலே எழும். அருகில் ஒருவரும் நிற்கலாகாது.

சரக்குக்கேற்ற முறை

சவுக்கு: இவ்வட்டாரத்தில் பின்பாரத்திற்கு முதற்காரணம் இதுவே. டிரெயிலரின் தளம் அச்சுக்கு 1.8 மீட்டர் முன்னே தொடங்குகிறது என்றும், 6 மீட்டர் நீளமுள்ள 1,500 கிலோ கழிகள் அடிப்பக்கம் முன்னாக ஏற்றப்பட்டன என்றும் கொள்க. அடி பருத்திருப்பதால் கழியின் நிறை நடு அடியிலிருந்து சுமார் 2.4 மீட்டரில் அமையும். அது அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னே. மேற்கூறிய 3 மீட்டர் ஏர்க்காலில் கொக்கி 300 கிலோ விசையுடன் மேலே இழுக்கப்படும். காலி டிரெயிலரின் முன்பாரம் 60 கிலோவாயின், அது போக 240 கிலோ பின்பாரம் நிற்கும். நுனிப்பக்கம் முன்னாக ஏற்றினாலோ அவ்விழுப்பு 900 கிலோவாகும். ஆகவே நீண்ட கழிகளை இரு சக்கர டிரெயிலரில் ஏற்றுதல் தகாது. காகித ஆலைக்கும் விறகுக்கும் செல்லும் கட்டைகளை 3 மீட்டருக்கு மிகாமல் அறுத்து ஏற்றினால், அதே 1,500 கிலோவின் நடு அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னே வரும். கொக்கிக்குச் சரியான முன்பாரம் கிடைக்கும். அறுக்கக் கூடாத சாரக்கழிகளுக்கு நான்கு சக்கர டிரெயிலரோ லாரியோ வேண்டும்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயலில் இப்பகுதியின் முந்திரியும் சவுக்கும் பெருவாரியாகச் சாய்ந்தன. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி 'பெஞ்சல்' புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. இத்தகைய காலங்களில் விழுந்த மரங்களை அறுக்க நேரமின்றி முழுதாக ஏற்றும் அவசரம் உண்டாகும். அவசரமே அபாயத்தை மிகுவிக்கும்; அப்போதும் அறுத்தே ஏற்றுதல் வேண்டும்.

உப்பு: கனமானது, சிறிது இடத்தில் மிகுந்த எடை சேரும். பெட்டி நிறையாதிருப்பதைக் கண்டு மேலும் ஏற்றத் தோன்றும். மூட்டைகளை அச்சின்மேலும் அதற்குச் சற்று முன்னும் தாழ்வாகப் பரப்பி, பின்கோடியைக் காலியாக விடவேண்டும். சரக்கு நகராதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும். வடியும் உப்புநீர் கொக்கி, சங்கிலி, பிரேக் கம்பி, வில்பட்டை ஆகியவற்றை அரிக்கும். வேலை முடிந்ததும் நன்னீரால் கழுவி எண்ணெயிடுதல் அவசியம்.

வைக்கோலும் கடலைக் கொடியும்: எடை குறைவு, உயரம் மிகுதி. பக்கக் காற்று இவற்றின்மேல் பாய்போல் மோதும். போர் உயர உயரக் கவிழ்தலும் எளிதாகும். கடற்காற்று மிகுந்த வேளையைத் தவிர்த்து, காலையில் ஏற்றிச் செல்லுதல் நலம்.

குடிநீர்த் தொட்டி: அரை நிறைந்த தொட்டியில் நீர் பக்கம் பக்கமாக அலைந்து ஆட்டத்தை வளர்க்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள தொட்டியையே வாங்கவேண்டும். முழுதும் நிரப்பி எடுத்துச் சென்று, முழுதும் காலி செய்து திரும்புதல் உத்தமம். இடையிடையே நீர் விட்டுச் செல்லும் தொட்டி, ஒவ்வொரு நிறுத்தத்திற்குப் பின்னும் இன்னும் மெதுவாகச் செல்லவேண்டும்.

கொக்கியும் இணைப்பும்

கலப்பை மாட்டும் இரு கீழ்க் கரங்களுக்கிடையே துளைச்சட்டம் கோத்து அதில் டிரெயிலரைப் பூட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அக்கரங்கள் பக்கவாட்டில் அசையக் கூடியவை. காவற்சங்கிலிகள் தளர்ந்திருந்தால் கொக்கியே ஊசலாடும். அது பக்க ஆட்டத்திற்கு விதை விதைப்பதாகும். டிராக்டரின் உடலோடு உறுதியாகப் பிணைந்த டிரெயிலர் கொக்கியையே சாலைப் பயணத்திற்குக் கொள்ளவேண்டும். மேல்கரம் மாட்டும் உயரமான இடத்தில் ஒருபோதும் பூட்டலாகாது; இழுப்பின் வேகத்தில் டிராக்டரின் முன்பக்கம் எழும்பிப் பின்னே கவிழ்ந்துவிடும்.

கொக்கி ஆணியும் வளையமும் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்கிலும் இடிபோன்ற ஓசை கேட்கும். அவற்றை உடனே மாற்றவேண்டும். ஆணி வெளியேறாதபடி கடையாணி இருத்தல் வேண்டும். கம்பித் துண்டு அதற்கு ஈடாகாது. ஆணி முறிந்தாலும் டிரெயிலர் பிரிந்து ஓடாதபடி ஒரு காப்புச் சங்கிலி அவசியம்.

அச்சு நேராக உள்ளதா என்பதை ஒரு கயிற்றைக்கொண்டு சோதிக்கலாம். கொக்கி வளையத்தின் நடுவிலிருந்து இரு சக்கரங்களின் குடம் வரை தனித்தனியே அளந்தால் இரண்டும் சமமாக இருக்கவேண்டும். வேறுபட்டால் அச்சு கோணலாகியுள்ளது என்க. வில்பட்டைக் கட்டுகளும் டயர்க் காற்றும் இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். நான்கு சக்கர டிரெயிலரில் முன்னச்சைத் திருப்பும் வட்டத்தின் தேய்மானத்தையும் அதன் நடு ஆணியையும் இவற்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பிரேக்

டிராக்டரில் மட்டும் பிரேக் உள்ளபோது, அதனை அழுத்துங்கால் பின்னே வரும் பாரம் டிராக்டரைத் தள்ளுகிறது. இறக்கத்திலும் வளைவிலும் அத்தள்ளல் ஒரு பக்கமாகி, டிரெயிலர் கத்தி மடங்குவதுபோல் மடங்கிவிடும். டிரெயிலருக்குத் தனிப் பிரேக் இருந்தால் அது பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும். இழுத்துப் பிடிக்கப்படும் பொருள் தானே நேர் கோட்டில் நிற்கும். ஆகையால் ஆட்டத்தை அடக்கும் சாதனங்களில் முதலிடம் பெறத்தக்கது நல்ல டிரெயிலர் பிரேக்கே. பணம் ஒன்றிற்கே உண்டாயின் அதற்கே செலவிடுதல் அறிவுடைமை.

டிராக்டரின் இடது, வலது பிரேக் மிதிகள் வயலில் தனித்தனியே இயங்கும். சாலையில் ஏறுமுன் அவ்விரண்டையும் தாழிட்டு இணைத்தல் வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் சட்டென ஒரு பக்கம் திரும்பும்.

ஆட்டம் தடுக்கும் கருவிகளின் தெரிவு

உராய்வுத் தண்டு: இழுக்கும் வண்டிக்கும் டிரெயிலரின் ஏர்க்காலுக்கும் இடையே பக்கவாட்டில் பூட்டப்படும் தண்டு இது. பிரேக் கட்டை போன்ற தகடுகள் இதனை அழுத்திப் பிடித்து ஆட்டத்தின் வேகத்தைத் தின்றுவிடும். விலை குறைவு. மழையில் நனைந்தால் பிடிப்புக் குறையும். பின்னோக்கி ஓட்டும்போது இதனைக் கழற்றவேண்டியிருக்கும். ஜீப், கார் ஆகியவற்றின் பின் செல்லும் இலேசான டிரெயிலருக்கு ஏற்றது.

உராய்வுக் கொக்கி: உருண்டைக் கொக்கியை உராய்வுக் கட்டைகள் இறுகப் பற்றும் வகை, ஐரோப்பாவில் வீட்டு டிரெயிலர்களில் மிகப் பரவியது. கொக்கி உருண்டையின்மேல் மசகும் வர்ணமும் இருத்தல் கூடாது. தேய்ந்த கட்டைகளைக் குறித்த காலத்தில் மாற்றவேண்டும்.

பாரம் பகிரும் கொக்கி: எஃகு வில்தண்டுகளின் விசையால், கொக்கியின் பாரத்தில் ஒரு பகுதியை இழுக்கும் வண்டியின் முன்சக்கரங்களுக்கும் டிரெயிலரின் சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும். அமெரிக்காவில் கனமான வீட்டு டிரெயிலர்களுக்கு வழங்குவது. இவற்றுட் சில ஆட்டத்தையும் உராய்வால் தடுக்கும், சில தடுக்கமாட்டா. வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் வேண்டும். பின்பாரத்தை இது முன்பாரமாக்காது.

மின்னணுக் கருவி: டிரெயிலரின் ஆட்டத்தை உணர்ந்து அதன் பிரேக்கைத் தானே இயக்குவது. ஓட்டுநர் உணருமுன்னரே வேலை செய்யும் என்பது இதன் அனுகூலம். விலை மிகுதி, டிரெயிலரில் தகுந்த பிரேக்கும் மின் இணைப்பும் இன்றி இயங்காது, உப்புக் காற்றில் மின் இணைப்புகள் துருவேறும் என்பவை பிரதிகூலங்கள்.

இவற்றுள் எதனைக் கொள்வது என்பது வண்டியைப் பொறுத்தது. டிராக்டரின் பின் செல்லும் இரு சக்கர, நான்கு சக்கர டிரெயிலர்களுக்கு இந்நான்கு கருவிகளும் உரியனவல்ல. உறுதியான கொக்கி, சரியான பாரம், டிரெயிலர் பிரேக், மிதமான வேகம் ஆகியவையே போதும். ஜீப் அல்லது சிறு சரக்கு வண்டியின் பின் விளைபொருள் கொண்டுசெல்லும் இலேசான டிரெயிலருக்கு உராய்வுத் தண்டோ உராய்வுக் கொக்கியோ போதுமானது. தங்கும் வசதியுள்ள வீட்டு டிரெயிலரை நெடுஞ்சாலையில் விரைந்து இழுப்போர்க்கு டிரெயிலர் பிரேக்கும் மின்னணுக் கருவியும் சேர்ந்திருத்தல் நலம். இழுக்கும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் எழும்புமாயின், வண்டி செய்தவர் அனுமதித்த அளவில் பாரம் பகிரும் கொக்கியும் வேண்டும்.

ஓட்டும் முறை

இறக்கத்தின் தலைப்பிலேயே வண்டியை மெதுவாக்கித் தாழ்ந்த கியரில் இறங்கவேண்டும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதற்கு மேற்பட்டதில் இறங்கலாகாது. டீசல் மிச்சமாகும் என்று எண்ணி நியூட்ரலில் இறக்குதலும் கிளட்சை மிதித்தபடி இறக்குதலும் உயிரைப் பணயம் வைப்பதாகும். ஒரு டிரெயிலரின் பின் மற்றொன்றைக் கோத்தால் முன்னதன் சிறு ஆட்டம் பின்னதில் பெரிதாகும்; ஆகையால் அவ்வழக்கமும் தவிர்க்கத்தக்கது.

ஆட்டம் தொடங்கிவிட்டால் வேகத்தைக் கூட்டி அடக்க முயலலாகாது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுதலும் டிராக்டர் பிரேக்கைச் சட்டென மிதித்தலும் ஆட்டத்தைப் பெருக்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, விசையைத் தளர்த்தி, வேகம் தானே குறைய விடவேண்டும். டிரெயிலர் பிரேக்கைத் தனியே இயக்க வசதியிருந்தால் அதனை மெல்ல இயக்கலாம். வண்டி நின்றபின் பாரத்தைத் திருத்தி அடுக்காமல் மீண்டும் புறப்படலாகாது. அதே வேகத்தில் அதே ஆட்டம் திரும்ப வரும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட எடைக்கு மேல் ஏற்றி ஓட்டுவதைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 194-ஆம் பிரிவில் அதற்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் குறிக்கப்பட்டுள்ளது. சரக்கு அனுமதித்த அளவுக்கு மேல் பக்கத்திலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருத்தலும் அதே பிரிவின்படி தண்டனைக்குரியது. இவ்விதிகளை அறுவடைக்கும் சவுக்கு வெட்டுக்கும் முன்பாகவே கிராமக் கூட்டங்களில் எடுத்துரைத்தல் நன்று. விளக்கும் பின்புற ஒளிபிரதிபலிப்புத் தகடும் இல்லாத டிரெயிலர்கள் இருட்டியபின் சாலையேறாதபடியும், சரக்கின்மேல் கூலியாட்கள் அமர்ந்து செல்லாதபடியும் பார்த்துக்கொள்ளவேண்டும். டிரெயிலர் கவிழும்போது முதலில் உயிரிழப்பவர் மேலே அமர்ந்திருப்பவரே.

சுருக்கம்

1. கனமான சரக்கு அச்சின்மேலும் சற்று முன்னும் இருக்கட்டும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் நிற்கட்டும்.

2. நீண்ட கழிகளை அறுத்து ஏற்றுக. அறுக்கலாகாதவற்றை இரு சக்கர டிரெயிலரில் ஏற்றற்க.

3. அசையாத கொக்கி, தேயாத ஆணி, கடையாணி, காப்புச் சங்கிலி ஆகிய நான்கையும் புறப்படுமுன் பார்க்க.

4. டிரெயிலர் பிரேக்கிற்கு முதற்செலவு செய்க. வேறு கருவி வேண்டுமாயின் அதன்பின் வாங்குக.

5. பிரேக் மிதிகளை இணைத்து, தாழ்ந்த கியரில் இறக்கம் இறங்குக.

6. ஆட்டம் கண்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து வேகத்தைக் குறைக்க. நின்றபின் பாரத்தைத் திருத்துக.